கருவுற்ற தாயும் ஒரு குவளைக் குளுக்கோசும்

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த மருந்து பிறந்தது, எந்த நாட்டு அறிஞருக்கு எந்தப் பரிசு கிட்டியது என்பன அந்நூல்களில் முறையாகப் பதிவாகியிருக்கும். அந்த மருந்தும் அந்தச் சோதனையும் ஏழைத் தாய் ஒருத்தியின் வாசற்படியை எப்போது எட்டின, அவற்றை அங்கே கொண்டுசேர்க்க யார் பாடுபட்டார் என்று தேடினால் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும். வரலாற்றை நற்செய்தியின் ஒளியில் வாசிக்க விழையும் நமக்கோ இந்த இரண்டாவது வினாவே முதன்மையானது. அவ்வினாவுக்கு விடையாக நம் சென்னை மாநகரில் ஒரு மருத்துவரின் வாழ்நாள் ஆய்வு அமைந்திருக்கிறது. அவர் பெயர் டாக்டர் வீராசாமி சேஷையா. கருவுற்ற தாயருக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றி அவர் செய்த பணியை இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம்.

உடலுக்குள் ஓர் ஏரி

சர்க்கரை நோய் என்றவுடன் இனிப்புத் தின்றதால் வந்த வினை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒழுங்கு குலைந்த ஒரு நிர்வாகத்தின் நோய். செம்பரம்பாக்கத்து மக்களாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் வரும் நீரை வாங்கிவைத்து, கோடையில் மாநகரின் தாகம் தீர்க்க அளவோடு விடுவதே அதன் தொழில். வரத்தும் இருப்பும் போக்கும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் வரை ஊருக்கு நன்மை. அந்த அளவு தவறினால் நேர்வது என்ன என்பதை 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மக்கள் கண்ணீரோடு கண்டனர்.

நம் உடலிலும் அத்தகைய ஏற்பாடு ஒன்றைப் படைத்தவர் வைத்திருக்கிறார். வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. சுமார் 5 கிராம். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் வரை தேவைப்படுகிறது. எனவே வரவும் செலவும் நொடிதோறும் சமன்செய்யப்பட வேண்டும். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசைகளின் வாயிலைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது; எஞ்சியதைக் கல்லீரலில் தேக்கிவைக்கச் சொல்கிறது. இரவில் நாம் உறங்கும்போது, மற்றொரு சுரப்பான குளுக்ககான் கல்லீரலின் மதகைச் சிறிதே திறந்து, மூளை பட்டினி கிடவாதபடி காக்கிறது. இன்சுலின் போதாமற்போனாலும், அதன் சொல்லை உடல் கேளாமற்போனாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. தேங்கியது கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் இதயத்தையும் மெல்ல மெல்ல அரிக்கிறது.

இரு உயிர்களின் நோய்

இந்த நோயை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மதுமேகம், நீரிழிவு என்ற பெயர்கள் நம் மருத்துவ மரபில் நெடுங்காலமாக வழங்குகின்றன. ஆனால் மருந்து என்று சொல்லத்தக்கது 1921-ஆம் ஆண்டில்தான் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கிடைத்தது. பாண்டிங், பெஸ்ட், மக்ளியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன் சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிப்பதே அரிது. கருத்தரித்தாலும் தாயோ சேயோ, பலவேளை இருவருமோ, உயிர் பிழைப்பதில்லை. இன்சுலின் தாயைக் காப்பாற்றியது. ஆயினும் குழந்தைகள் தொடர்ந்து இறந்தன. ஏன் என்ற வினா எஞ்சி நின்றது.

பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் மருத்துவ நிலையத்தில் பிரிசில்லா வைட் என்ற பெண் மருத்துவர் இத்தகைய தாயருக்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1949-இல் அவர் வகுத்த பகுப்புமுறை பல தலைமுறை மருத்துவர்களுக்கு வழிகாட்டிற்று. டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் காரணத்தை விளக்கினார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகிறது. தாயின் இன்சுலினோ அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே மிகையாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் இளங்கணையமே அளவுக்கு மீறி உழைத்து இன்சுலின் சுரக்கிறது. அதனால் குழந்தை கொழுத்து வளர்கிறது, பிரசவம் கடினமாகிறது. தொப்புள்கொடி அறுந்தவுடன் சர்க்கரை வரத்து நிற்க, இன்சுலின் மட்டும் மிகுந்திருப்பதால், பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

இன்னொன்றும் தெரியவந்தது. முன்பு சர்க்கரை நோயே இல்லாத பெண்ணுக்கும் கர்ப்பகாலத்தில் அது தோன்றக்கூடும். கருவைக் காக்க நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. பெரும்பாலான தாயரின் கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட இயலாதவர்களுக்கே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. பாஸ்டனில் ஓ'சல்லிவன், மேகன் ஆகிய இருவரும் 752 கருவுற்ற பெண்களைச் சோதித்து 1964-இல் வெளியிட்ட அளவுகோல் இத்துறையின் அடித்தளமாயிற்று. ஆனால் அந்த அளவுகோல், பிற்காலத்தில் எந்தத் தாய்க்குச் சர்க்கரை நோய் வரும் என்பதை முன்னறிவதற்காக வகுக்கப்பட்டது; குழந்தையை நோக்கி அமைக்கப்பட்டதன்று. அதை அடியொற்றி எழுந்த சோதனை முறையும் இரண்டு படிகள் கொண்டது. முதலில் 50 கிராம் குளுக்கோஸ் அருந்தி ஒரு மணி நேரத்தில் ஒரு சோதனை; அதில் ஐயம் எழுந்தால் வேறொரு நாள் வெறும் வயிற்றில் வந்து, 100 கிராம் அருந்தி, மூன்று மணி நேரம் அமர்ந்து, நான்கு முறை இரத்தம் கொடுக்க வேண்டும்.

சென்னையில் எழுந்த ஒரு துறை

இந்தியாவில் இந்நோய்க்கென்று தனிக் கவனம் பிறந்தது சென்னையில்தான் என்பது நமக்குப் பெருமை. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இந்நாட்டில் இந்நோய்க்கென எழுந்த முன்னோடி நிலையம். அரிசிச் சோற்றை வெறுத்தொதுக்காமல், நார்ச்சத்து மிகுந்த நம் நாட்டு உணவைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதை ஆய்ந்து காட்டியவர் அவர்.

அப்பாதையின் அடுத்த பெரும் படியாக, 1978-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அரசுப் பொது மருத்துவமனையிலும் சர்க்கரை நோய்க்கெனத் தனித் துறை உருவாயிற்று. இந்திய நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அத்தகைய துறை எழுந்தது அதுவே முதல் முறை. அதைத் தோற்றுவித்தவர் டாக்டர் சேஷையா. சர்க்கரை நோய் பற்றி அவர் எழுதிய கையேடு மருத்துவ மாணவர் பலரின் கைகளில் தவழ்ந்தது. அரசுப் பொது மருத்துவமனை என்பது ஏழைகளின் கடைசிப் புகலிடம். வசதியுள்ளோர் வேறிடம் செல்வர். இல்லாதோர் அங்கே வருவர். அவர் பிற்காலத்தில் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பொது மருத்துவமனை வரிசையின் நினைவு இருந்தது என்று கருத இடமுண்டு. எந்தச் சோதனையானாலும் அந்த வரிசையில் நிற்பவளால் செய்துகொள்ள முடிகிறதா என்ற அளவையே அவர் முன்வைத்தார்.

நம் தாயரைப் பற்றிய உண்மை

எண்ணிப் பார்க்காத நோயை எந்த அரசும் கவனிப்பதில்லை. 1982-ஆம் ஆண்டின் ஆய்வொன்று இந்தியக் கருவுற்ற பெண்களில் 2 சதவீதத்தினருக்கே இந்நோய் இருப்பதாகக் கூறியிருந்தது. சேஷையாவும் உடன் ஆய்வாளர்களும் நாட்டின் பல நகரங்களில் 3,674 கருவுற்ற பெண்களைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். 16.55 சதவீதம் என்றது அந்த அறிக்கை. இரு ஆய்வுகளின் அளவுகோல்கள் வெவ்வேறானவை என்பதை நினைவிற்கொண்டாலும், ஆறு தாயரில் ஒருவருக்கு என்பது உறங்கிக்கிடந்தோரை எழுப்பவல்ல செய்தியன்றோ!

அடுத்து, மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணாமல் சமுதாயத்தின் நடுவே சென்று எண்ணும் ஆய்வைத் தமிழ்நாட்டில் மேற்கொண்டனர். நகர்ப்பகுதியில் 4,151 பேர், நகரும் கிராமமும் கலந்த பகுதியில் 3,960 பேர், கிராமப்பகுதியில் 3,945 பேர். ஆக மொத்தம் 12,056 கருவுற்ற பெண்கள் சோதிக்கப்பட்டனர். 2008-இல் வெளியான முடிவுகள்: நகரில் 17.8 சதவீதம், கலந்த பகுதியில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் செம்பரம்பாக்கத்தில் அமர்ந்து வாசிக்கும்போது அவை நம் ஊரின் வரலாற்றையே சொல்வதுபோல் தோன்றுகிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. நாற்று நடவும் களை பறிக்கவும் குனிந்து நிமிர்ந்த பெண்களின் பெயர்த்திகள் இன்று பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்துகளில் சென்று வருகின்றனர். முறைப்பணி மாறும் நாளில் உறக்கமும் மாறுகிறது. உணவு வேளையும் மாறுகிறது. கேழ்வரகுக் கூழின் இடத்தைப் பொட்டலத் தீனியும் இனிப்புப் பானமும் பிடித்துக்கொண்டன. கிராமத்தின் 9.9-இலிருந்து நகரின் 17.8-ஐ நோக்கி நடக்கும் பாதையின் நடுவே நம் ஊர் நிற்கிறது. இது எவரையும் குறைகூறச் சொல்வதன்று. வாழ்க்கைக்காக மாறியவர்கள், அந்த மாற்றத்தின் விலையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லாத சோதனை

எண்ணிக்கை தெரிந்தபின் வழி தேடவேண்டும். அமெரிக்க நாட்டின் இரண்டுபடிச் சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடவாது என்பதைச் சேஷையா கண்டார். மாதம் ஒருமுறை கூலியை விட்டு, மாமியாரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருகிற பெண்ணிடம், நாளை வெறும் வயிற்றில் மீண்டும் வா என்றால் அவள் வருவாளா? பலர் வருவதில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடி பட்டினியாக நெடுந்தொலைவு வருவதும் அவளுக்குத் துன்பமே. வராதவளின் நோய் ஏட்டில் ஏறாது. அவள் குழந்தையின் துன்பமும் ஏறாது.

ஆகவே அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரே படியில் முடியும் முறையை வகுத்தனர். கர்ப்பிணி எப்போது உண்டு வந்திருந்தாலும் சரி; 75 கிராம் குளுக்கோசை 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் அருந்தச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யலாம். இதன் பின்னுள்ள நியாயம் இது: நல்ல நிலையிலுள்ள தாயின் கணையம், முன்பே உண்டிருந்தாலும், புதிதாக வந்த சர்க்கரையை விரைந்து ஒழுங்குசெய்துவிடும், சோர்ந்த கணையத்தால் அது இயலாது. 2009-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் 800 பெண்களிடம் இருவகையாகவும் இச்சோதனை நடத்தப்பட்டது. உண்ட நிலையில் செய்ததற்கும் உண்ணா நிலையில் செய்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அவ்வாய்வாளர்கள் கண்டனர்.

2007-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவ நிலையங்களுக்கு வரும் கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்ய ஆணையிட்டது. மத்திய அரசின் நலவாழ்வு அமைச்சகம் 2014-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய தேசிய வழிகாட்டு நெறிகளும் இம்முறையையே ஏற்றன. கர்ப்பிணி முதன்முறை வரும்போது ஒரு சோதனை. அதில் நோய் இல்லையெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு சோதனை என்பது நெறி. மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு 2015-இல் வெளியிட்ட பரிந்துரையில் இந்தியத் துணைக்கண்டத்துக்கு உகந்ததாக இம்முறை இடம்பெற்றது. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எழுந்த மறுப்பு

வரலாற்றை எழுதுவோர் புகழ்மாலையோடு நின்றுவிடலாகாது. இம்முறைக்கு மறுப்பும் உண்டு. அதுவும் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் விசுவநாதனின் மகனும் உலகறிந்த சர்க்கரை நோய் ஆய்வாளருமான டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் 1,031 கருவுற்ற பெண்களிடம் இரு நிலைகளிலும் சோதனை செய்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். வெறும் வயிற்றுச் சோதனையில் நோயுள்ளவராகக் காணப்பட்டோரில், உண்ட நிலையில் செய்த சோதனை கண்டுபிடித்தது 27.7 சதவீதத்தினரை மட்டுமே என்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் ஏற்ற அளவுகோலும் வெறும் வயிற்றில் ஒன்று, பின் இரண்டு என மூன்று அளவீடுகளைக் கருதுகிறது. அதற்கு அடிப்படையாக அமைந்தது, ஒன்பது நாடுகளில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாயரிடம் நடந்து 2008-இல் வெளியான பேராய்வு. தாயின் சர்க்கரை கூடக்கூடக் குழந்தையின் இடரும் படிப்படியாகக் கூடுகிறது, இதற்குமேல் ஆபத்து என்று வெட்டிக் காட்டும் தெளிவான கோடு எதுவும் இல்லை என்று அது காட்டிற்று.

இந்த விவாதம் நமக்குப் பெரியதொரு பாடம். ஒருபுறம், நுட்பமான சோதனை. ஆனால் அதற்கு வராமலே போகும் தாயர் பலர். மறுபுறம், எளிய சோதனை. ஆனால் வந்தவருள்ளும் சிலரைத் தவறவிடக்கூடும். தவறவிடப்பட்டவளும் ஒரு தாயே. வராமற்போனவளும் ஒரு தாயே. எவருடைய துன்பத்தையும் கணக்கிலிருந்து தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. மோகன் குழுவினர் நுட்பம் வேண்டும் என்றது வரட்டுப் பிடிவாதமன்று. உள்ள நோயை இல்லையென்று சொல்லிவிடலாகாது என்ற பொறுப்புணர்வே. சேஷையா எளிமை வேண்டும் என்றதும் சோம்பலன்று. சோதனையே கிட்டாதவள்மீது கொண்ட கரிசனையே. வசதியுள்ள இடத்தில் நுட்பமான முறையைக் கையாள்வதும், வசதியற்ற இடத்தில் எளிய முறையேனும் ஒருத்தியையும் விட்டுவிடாமல் நடப்பதும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கத் தேவையில்லை.

கண்டுபிடித்தால் பயன் உண்டா என்று கேட்போருக்கும் விடை உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் தாயரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், கவனிப்புப் பெற்ற தாயரின் குழந்தைகளிடையே கடுமையான பிறப்புகால இடர்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியுமே போதும். நம் தேசிய நெறியும் முதல் இரண்டு வாரம் உணவு முறையையே பரிந்துரைக்கிறது. அதற்கும் அடங்காதபோதுதான் மருந்து. தொடர்ந்து என்ன நேர்கிறது என்பதற்கு மைசூர் சாட்சி. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனையான ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997, 1998 ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட தாயரின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். கர்ப்பகாலச் சர்க்கரை நோயுற்ற தாயரின் பிள்ளைகளுக்கு ஒன்பதரை வயதிலேயே உடற்கொழுப்பும் இன்சுலினுக்கு அடங்காத தன்மையும் மிகுந்திருந்தன. நோய் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கருவறையிலேயே கைமாறுகிறது. அந்தச் சங்கிலியை அறுக்க வேண்டிய இடமும் கருவறையே என்பதுதான் சேஷையா ஓயாது வற்புறுத்திய கருத்து. பிற்காலத்தில் அவர், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே கவனம் தொடங்கவேண்டும் என்றும் கூறிவந்தார்.

ஓய்வுநாளும் பசித்தவரும்

மார்ச் 10 எந்த ஆண்டிலும் தவக்காலத்திற்கு வெளியே விழுவதில்லை. மிகப் பிந்திவரும் திருநீற்றுப் புதனும் அந்த நாளுக்குள் வந்துவிடும். நோன்பின் காலத்தில், வெறும் வயிற்றோடு வரச் சொல்லாத ஒரு சோதனையை வகுத்தவரின் நாள் வருவது எண்ணிப் பார்க்கத்தக்கது. கருவுற்ற தாயரையும் நோயுற்றோரையும் நோன்புக் கடமை அழுத்துவதில்லை என்பது திருச்சபையின் நெடுநாள் மரபு. சட்டம் வலியோரைப் பயிற்றுவதற்கு. எளியோரை நசுக்குவதற்கு அன்று. ஓய்வுநாளில் கதிர் கொய்து உண்ட சீடரைப் பரிசேயர் குற்றஞ்சாட்டியபோது, ஆண்டவர் அவர்களது பசியின் பக்கமே நின்றார். ஓய்வுநாளை அவர் ஒழிக்கவில்லை; அது யாருக்காக ஏற்பட்டது என்பதை நினைவூட்டினார். அறிவியலின் அளவுகோலுக்கும் அத்தகைய நினைவூட்டல் அவ்வப்போது தேவைப்படுகிறது.

சேஷையா நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, இவ்வுலகப் பொருள்களின் இயல்பைப் பணிவோடும் விடாமுயற்சியோடும் ஆராய்வோரை இறைவனின் கரமே நடத்துகிறது என்று கற்பிக்கிறது. ஆகவே எந்தச் சமயத்தவர் ஆயினும், உண்மையைத் தேடி எளியோருக்கு அளிப்போரிடம் இறைவனின் செயலைக் காண நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

நம் விசுவாசமும் கருவறையைப் புறக்கணிக்கவில்லை. மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25-க்கும் கிறிஸ்து பிறப்புக்கும் இடையே திருச்சபை ஒன்பது மாதங்களை எண்ணிவைத்திருக்கிறது. மீட்பின் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்கவில்லை. நாசரேத்தூர்ப் பெண்ணின் கருவறையில் தொடங்கிற்று. கருவுற்ற மரியா, கருவுற்ற எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்ததையும், மூன்று மாத அளவு அங்கே தங்கியதையும் லூக்கா எழுதியிருக்கிறார். கருவுற்ற ஒரு பெண்ணுக்கு அக்காலத்தில் உறுதுணை வேண்டும் என்பதை இதைவிட அழகாக எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. பிறவாத குழந்தையின் உயிர்க்காக வாதாடும் நாம், அக்குழந்தையைச் சுமக்கும் தாயின் இரத்தத்தைச் சோதிக்க ஒரு குவளைக் குளுக்கோஸ் கிடைத்ததா என்று கேட்காமலிருந்தால் நம் வாதம் பாதி வாதமே ஆகும்.

நம் பங்கில் ஆவன

இதில் பொதுநிலையினர் செய்யத்தக்கவை எளியவை. முதலாவது, வீட்டின் பேச்சு மாறவேண்டும். இரண்டு உயிருக்காகச் சாப்பிடு என்று கர்ப்பிணியின் தட்டை நிரப்பும் அன்பு நல்லதே. ஆயினும் வளைகாப்பு நாளிலிருந்து வரிசையாக வரும் இனிப்புகள் அந்தக் குழந்தையின் சிறு கணையத்தின் மீது ஏற்றும் பாரம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, பழிச்சொல் ஒழியவேண்டும். சர்க்கரைக்காரியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்ற ஏச்சுக்கு அஞ்சிச் சோதனை முடிவை மறைக்கும் மருமகள்கள் நம்மிடையே உள்ளனர். கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களே இந்நோய்க்குத் தூண்டுதல் என்று மேலே கண்டோம். பிள்ளையைச் சுமந்ததற்காக ஒருத்தியைப் பழிப்பது எந்த அறத்திலும் அடங்காது. கணவரும் மாமியாரும் உடன் நடந்தால் மாலை நடைப்பயிற்சி தண்டனையாகத் தோன்றாது.

மூன்றாவது, பிரசவத்தோடு கவனம் முடிந்துவிடலாகாது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயுற்ற பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றத் தாயரைவிட ஏழு மடங்கு அதிகம் என்று, முன்னாய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆகவே குழந்தை பிறந்த ஆறாம் வாரத்தில் தாய்க்கு மீண்டும் ஒருமுறை சோதனை செய்ய வேண்டும் என்பது நெறி. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஓடும் வீடு, தாயின் இச்சோதனையை மறந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்த நாள்களில்தான் குழந்தையின் திருமுழுக்குக்கு ஆயத்தம் நடக்கிறது. ஞானப்பெற்றோரின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதிக்கொள்ளும் பங்கு அலுவலகத்தில், ஆறாம் வாரச் சோதனை முடிந்ததா என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவேதும் இல்லை. மகப்பேற்றுக்கு முன் பெற்றோருக்கு ஆசி வழங்கும் வழிபாடு திருச்சபையின் ஆசியுரை நூலில் உண்டு. அதை அன்பியக் கூட்டங்களில் நடத்தி, அன்றே கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அன்பியத்தின் மூத்த தாயர் ஏற்கலாம். மரியா மலைநாட்டுக்குச் சென்றதுபோல, நம் தெருவுக்குள்ளேயே ஒரு பயணம்!

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, இந்நாட்டில் சர்க்கரை நோயுற்றோர் பத்துக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு மலைத்து நிற்பதால் பயனில்லை. சேஷையா காட்டிய வழி சிறியது. ஒரு தாய், ஒரு குவளை, இரண்டு மணி நேரம், ஒரு துளி இரத்தம். அந்த இரண்டு மணி நேரம் அவள் சுகாதார நிலையத்தின் மரப்பலகையில் தனியே அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அருகே அமர்ந்திருக்க நம் பங்கில் ஒருவர் இருந்தால் போதும்.